பீச்வொர்த்: தங்கம் தீர்ந்த பிறகு பிழைத்த ஊர்

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னிலிருந்து ஹியூம் நெடுஞ்சாலையில் வடகிழக்காக மூன்று மணி நேரம், சுமார் 280 கிலோமீட்டர் ஓட்டினால் பீச்வொர்த் வரும். பிரைட்டில் இலையுதிர்கால நிறம் பார்க்கவும், ஃபால்ஸ் க்ரீக்கில் பனி பார்க்கவும் போகிறவர்கள் நடுவில் இங்கே வண்டியை நிறுத்தி, பேக்கரியில் ஏதாவது சாப்பிட்டு, தேன் நிறக் கட்டடங்களின் முன்னால் நாலு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தப்பில்லை, பேக்கரி நல்ல பேக்கரிதான். ஆனால் ஃபோர்ட் தெருவில் பத்து நிமிடம் நின்று பார்த்தாலே ஒரு கேள்வி எழ வேண்டும். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஒரு மலையூருக்கு எதற்கு இவ்வளவு பெரிய நீதிமன்றம், கருவூலம், தந்தி நிலையம், கோட்டை மாதிரி ஒரு சிறை, போதாக்குறைக்குக் குன்றின் மேல் ஒரு கிராமம் அளவுக்கு மனநோய் மருத்துவமனை?

கேட்டால் உடனே வரும் பதில், தங்கம். அது பாதி பதில். தங்கம் கிடைத்த ஊர்கள் இந்த விக்டோரியா மாநிலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன, பலவற்றின் பெயரே இன்று வரைபடத்தில் இல்லை. பீச்வொர்த் ஏன் நின்றது என்பதுதான் விஷயம். அதற்குத் தங்கத்தைவிட அரசாங்கச் சம்பளம் பெரிய காரணம். இப்போது ஊரைச் சுற்றிப் பேர் வாங்கியிருக்கும் ஒயின், இந்தக் கதையில் கடைசியாக வந்து சேர்ந்த ஆள்.

துதுரோவா, வேவுரு முதலிய பழங்குடி மக்களின் நிலம் இது. 1830களின் கடைசியில் ஆட்டு மந்தைகளோடு வெள்ளையர்கள் வந்து பெரிய பெரிய மேய்ச்சல் நிலங்களாகப் பிடித்துக்கொண்டார்கள். அப்படி ஒரு நிலம் டேவிட் ரீட் என்பவருடையது. 1851 ஜூலையில் விக்டோரியா தனிக் குடியேற்றமாகப் பிரிந்தது, பிரிந்த கையோடு பல்லரட், பெண்டிகோ என்று தங்கச் செய்திகள் வர ஆரம்பித்தன. 1852 பிப்ரவரியில் ரீடின் ஆட்களில் ஒருவர் ஸ்பிரிங் க்ரீக் ஓடையில் தங்கம் பார்த்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஓடைக்கரை முழுக்கக் கூடாரம். அப்போது இடத்துக்கு மே டே ஹில்ஸ் என்று பெயர். 1853இல் அளந்து தெருப் போட்டு பீச்வொர்த் ஆக்கினார்கள்.

இங்கே கிடைத்தது முதலில் வண்டல் தங்கம். பாறைக்குள் ஓடும் குவார்ட்ஸ் நரம்பில் இருந்த தங்கம், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பாறை அரித்து உதிர்ந்தபோது மழையோடு ஓடைக்கு வந்திருக்கிறது. தங்கம் தண்ணீரைவிடப் பத்தொன்பது மடங்கு கனம். மணலும் சரளையும் அடித்துக்கொண்டு போகும் இடத்தில் அது மட்டும் கீழே இறங்கி, ஓடையின் வளைவிலும் பாறை இடுக்கிலும் தங்கிவிடும். அதனால்தான் ஒரு தகரத் தட்டும் மண்வெட்டியும் இருந்தால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம் என்ற நிலை. முதலாளி வேண்டாம், இயந்திரம் வேண்டாம். உலகத்தின் பாதி கப்பல் ஏறி வந்ததற்கு இந்த எளிமைதான் காரணம். இந்த வகைத் தங்கம் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதற்கும் அதுவே காரணம், மேலே இருப்பதை எல்லோரும் சேர்ந்து வாரினால் எத்தனை நாள் வரும்?

வந்தவர்கள் கூடாரத்தில் இருந்தார்கள், மரப்பட்டைக் குடிசையில் இருந்தார்கள். அவையெல்லாம் போய்விட்டன. இன்று நீங்கள் தெருவில் பார்க்கும் கல் கட்டடங்களில் முக்கியமானவை அவர்கள் கட்டியவை இல்லை, அவர்களைக் கட்டுக்குள் வைக்க அரசாங்கம் கட்டியவை. தங்கம் தோண்ட மாதம் 30 ஷில்லிங் கட்டி உரிமச் சீட்டு வாங்க வேண்டும், தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். சீட்டு இல்லாதவனைப் பிடிக்கப் போலீஸ். பல்லரட்டில் 1854 டிசம்பரில் யுரேகா கிளர்ச்சி வெடித்ததே இந்தச் சீட்டுத் தொல்லையால்தான். அதற்கப்புறம் ஆண்டுக்கு ஒரு பவுண்டு என்று குறைத்து, கூடவே ஓட்டுரிமையும் கொடுத்தார்கள். இந்தச் சீட்டுக் கணக்கு, எல்லைத் தகராறு, தண்ணீர்த் தகராறு, தங்கத்தைப் பூட்டி வைத்துக் காவலோடு மெல்பர்னுக்கு அனுப்பும் வேலை, இவ்வளவுக்கும் ஓவன்ஸ் தங்கவயல் வட்டாரத்தின் தலைமை இடம் பீச்வொர்த். 1858இல் நீதிமன்றம், அதே ஆண்டு தந்தி. பாறையை வெடிக்க வாங்கும் வெடிமருந்தை ஊருக்கு வெளியே பத்திரமாக வைக்க 1859இல் ஒரு கல் கிடங்கு, அது இன்றும் இருக்கிறது. எல்லாம் அங்கேயே வெட்டிய கிரானைட், இரும்புத்தாது கலந்து லேசாக மஞ்சளோடிய கல்.

இந்தக் கிரானைட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஒயின் பேசும்போது திரும்ப வரும்.

ஊரெங்கும் தங்க லாடம் படமாகவும் பெயர்ப்பலகையாகவும் இருப்பதைப் பார்ப்பீர்கள். அதன் கதை 1855 தேர்தல். தங்கவயல் மக்களின் சார்பில் டேனியல் கேமரன் என்பவர் சட்ட மேலவைக்கு நின்றார். அவரைக் குதிரையில் ஏற்றி ஊர்வலம் விட்டபோது குதிரையின் குளம்புக்குத் தங்கத்தில் லாடம் அடித்தார்கள் என்று சொல்வார்கள். ஈஸ்டர் திருவிழாவே இந்தப் பெயரில்தான் நடக்கிறது. கதையில் எவ்வளவு ஜோடனை என்று கேட்டால், மென்மையான உலோகத்தில் லாடம் அடித்த குதிரை எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் பணம் வந்த வேகத்தில் ஆட்கள் என்ன செய்யவும் துணிந்தார்கள் என்பது மட்டும் நிச்சயம். பின்னாளில் அதே வேகத்தில் அது காலியானதும் நிச்சயம்.

தோண்டியவர்களின் தடயம் வேண்டும் என்றால் தெருவை விட்டு இறங்கி, ஸ்பிரிங் க்ரீக் ஓடும் பள்ளத்தாக்குப் பக்கம் போக வேண்டும். ஊர்க்காரர்கள் அதை வெறுமனே கோர்ஜ் என்பார்கள். வழவழவென்று கழுவிவிட்ட பாறை, நடுவில் நியூட்டவுன் அருவி. இயற்கைக் காட்சி என்று பார்க்கிறோமே, அதில் பாதி மனிதன் செய்த நாசம். தட்டில் அலசும் காலம் முடிந்த பிறகு ஓடையையே திருப்பிவிட்டார்கள், குன்றின் மண்ணைத் தண்ணீரை அழுத்தமாகப் பீய்ச்சிக் கரைத்து, பலகைத் தொட்டிகளில் ஓடவிட்டு வடிகட்டினார்கள். அதற்குத் தண்ணீர் மைல் கணக்கில் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. தங்கத்தைவிடத் தண்ணீருக்குத்தான் அதிகம் வழக்கு நடந்திருக்கும் போல. மேல் வாய்க்கால்காரன் சேற்றை விட்டால் கீழே இருப்பவன் பிழைப்பு போச்சு, நம்மூர் மடைச் சண்டை தெரிந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இதன் உச்சம், ஊருக்கு அடியிலேயே குடைந்த சுரங்கம். ராக்கி மவுண்டன் கம்பெனி 1870களின் பின்பாதியில் தன் பள்ளத்திலிருந்து சேற்றுத் தண்ணீரை வடிப்பதற்காகத் தெருக்களுக்குக் கீழே கிரானைட்டைக் குடைந்து 800 மீட்டர் அளவுக்கு ஒரு வழி வெட்டியது. மேலே நீதிமன்றத்தில் வழக்கு நடக்கும், கீழே பாறை வெடிக்கும். அந்தக் கம்பெனி தோண்டிப்போட்ட பெரும் பள்ளம்தான் இன்று குழந்தைகள் படகு விடும் சாம்பெல் ஏரி. 1920களில் அதில் தண்ணீர் தேக்கி ஏரியாக்கினார்கள். பலகை படிக்காதவர்கள் அதை ஏதோ மலை ஏரி என்றே நினைத்துக்கொண்டு போவார்கள்.

அப்புறம் சீனர்கள். பீச்வொர்த்தில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் சிறையையும் நீதிமன்றத்தையும் விட்டுவிட்டு இடுகாட்டுக்குப் போங்கள் என்பேன். அங்கே சீனர் பகுதியில் 1857இல் கட்டிய இரண்டு எரிகோபுரங்கள் நிற்கின்றன. காகிதப் பணமும் ஊதுபத்தியும் கொளுத்தி, இறந்தவர்களுக்குப் படையல் வைக்கும் இடம். சுற்றிலும் சுமார் 2,000 பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலும் குவாங்டாங் பக்கத்து இளைஞர்கள், கடன் வாங்கிக் கப்பல் ஏறியவர்கள். கொஞ்சம் சம்பாதித்து ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் திட்டம். முடியாவிட்டால் எலும்பாவது ஊருக்குப் போக வேண்டும் என்று பிறகு தோண்டி அனுப்பும் வழக்கமும் இருந்தது, எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை.

அவர்கள் வந்த வழியும் கொடுமை. 1855இல் விக்டோரியா அரசாங்கம் துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சீனருக்கும் 10 பவுண்டு தலைவரி போட்டது. உடனே கப்பல்காரர்கள் அவர்களைப் பக்கத்துக் குடியேற்றமான தென் ஆஸ்திரேலியாவில், ரோப் என்ற சின்னத் துறைமுகத்தில் இறக்கிவிட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து தங்கவயலுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடை, தோளில் காவடி மாதிரி மூட்டை தொங்க, வரிசையாக. பதினைந்தாயிரம் பேருக்கும் மேல் அப்படி ரோப்பில் இறங்கியிருக்கிறார்கள். வந்து சேர்ந்தவர்கள் வெள்ளையர்கள் அலசிக் கைவிட்ட மண்ணையே மறுபடி பொறுமையாக அலசி அதிலும் தங்கம் எடுத்தார்கள். அதுவே பகையானது.

1857 ஜூலை 4 அன்று, பிரைட்டுக்கு அருகில் உள்ள பக்லாண்ட் பள்ளத்தாக்கில் வெள்ளையர்கள் நூறு பேர் போலக் கூட்டம் சேர்த்துக்கொண்டு சீனர் முகாமில் புகுந்தார்கள். கூடாரங்களை, கடைகளை, புதிதாகக் கட்டிய கோவிலைக் கொளுத்தினார்கள். இரண்டாயிரத்துக்கும் அதிகமான சீனர்கள் குளிர்காலத்தில் ஆற்றைத் தாண்டி விரட்டப்பட்டார்கள். பதிவான சாவு மூன்று, உண்மை அதைவிட அதிகம் என்றே வரலாற்று ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். பீச்வொர்த்திலிருந்து ராபர்ட் ஓஹாரா பர்க் தலைமையில் போலீஸ் குதிரைப்படை போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வழக்கு நடந்தது. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து ஜூரி எல்லோரையும் விடுவித்தது. ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

இந்தப் பர்க்தான் பிறகு கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்கப் போய் 1861இல் பாலைவனத்தில் செத்துப்போன பர்க். ஊர் அருங்காட்சியகத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே அழிந்துபோன டாஸ்மேனியப் புலியின் பாடம் செய்த உடல் ஒன்று இருக்கிறது, பழைய கடைத்தெருவை அப்படியே எடுத்து வைத்த மாதிரி ஒரு வரிசையும் உண்டு. மழை நாளுக்கு ஏற்ற இடம்.

போலீஸோடு மோதிப் பேர் வாங்கிய நெட் கெல்லியைப் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை, ஊரில் ஒவ்வொரு சுவரும் சொல்லும். கொள்ளைக்காரனா, ஏழை ஐரிஷ் விவசாயிகளின் ஆளா என்ற சண்டை 140 ஆண்டுகளாக ஓய்ந்தபாடில்லை. பீச்வொர்த்துக்கு இதில் என்ன பங்கு என்பது மட்டும்: சின்ன வயதில் அவன் இந்தச் சிறையில் இருந்திருக்கிறான், அவன் தாய் எல்லனுக்கு 1878இல் இந்த நீதிமன்றத்தில்தான் மூன்று ஆண்டு தண்டனை கிடைத்தது, 1879இல் கெல்லிக்கு வேண்டியவர்கள் என்று சந்தேகப்பட்டே இருபது பேர் போல விசாரணையில்லாமல் மாதக்கணக்கில் இங்கே அடைத்து வைத்தார்கள். 1880 ஆகஸ்டில் அவனைக் கொண்டுவந்து முதல் கட்ட விசாரணை நடத்தியதும் இங்கேதான். அப்புறம் உள்ளூரில் ஜூரி கிடைத்தால் விடுதலை செய்துவிடுவார்களோ என்ற பயத்தில் வழக்கை மெல்பர்னுக்கு மாற்றி, நவம்பர் 11 அன்று தூக்கில் போட்டார்கள். அந்தப் பயத்தைக் கொஞ்சம் பக்லாண்ட் வழக்கின்போதும் பட்டிருக்கலாம்.

சரி, தங்கம் குறைந்தது. 1860களின் நடுவிலேயே கூட்டம் கலைய ஆரம்பித்தது. அடுத்த அடி ரயில். மெல்பர்னிலிருந்து வடக்கே போகும் பிரதான பாதை 1873இல் வொடொங்கா வரை போனது, ஆனால் மலை ஏறாமல் வாங்கரட்டா வழியாகச் சமதரையில் போய்விட்டது. பீச்வொர்த்துக்கு 1876இல் ஒரு கிளைப்பாதைதான் கிடைத்தது. வியாபாரம், தொழிற்சாலை, புதிய கட்டடம் எல்லாம் வாங்கரட்டாவுக்கும் ஆல்பரிக்கும் போயின. இப்படி நடந்த மற்ற ஊர்கள் அப்படியே உதிர்ந்துவிட்டன. இங்கே மட்டும் இரண்டு சம்பளப் பட்டியல் மிச்சம் இருந்தது. ஒன்று சிறை, 1860களின் தொடக்கத்தில் கட்டி முடித்தது. இன்னொன்று 1867இல் திறந்த மனநோய் விடுதி. மலைக்காற்று மனநோய்க்கு நல்லது என்று அப்போது நம்பினார்கள், அதற்காகவே குன்றின் மேல் கட்டினார்கள். உச்சத்தில் 1,200 நோயாளிகள் வரை இருந்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு தந்திரச் சுவர் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இடுப்பளவு, ஏதோ பங்களாத் தோட்டத்துக் கைப்பிடிச்சுவர் போலத் தெரியும். உள்பக்கம் பள்ளம் வெட்டியிருப்பதால் உள்ளே இருப்பவருக்கு அது ஏற முடியாத உயரம். சிறை என்று வெளியே தெரியக்கூடாது, தப்பிக்கவும் கூடாது.

வார்டன், சமையல்காரர், துணி துவைப்பவர், தச்சர், காவலர் என்று தலைமுறை தலைமுறையாக ஊர்க் குடும்பங்கள் இந்த இரண்டிலும் வேலை பார்த்தன. ஊர் சாகாமல் இருக்க அது போதும். பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குப் பணமும் இல்லை. நாம் இன்று பாரம்பரியம் என்று ரசிப்பது பெரும்பாலும் இந்த இழுபறியின் விளைவு. நூறு ஆண்டு ஓஹோ என்று வாழ்ந்திருந்தால் ஃபோர்ட் தெருவில் பாதி 1960களின் கான்கிரீட் பெட்டியாக இருந்திருக்கும். மருத்துவமனை 1995இல் மூடியது, பழைய சிறை 2004இல். சிறை என்ற தொழில் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை, அடுத்த ஆண்டே ஊருக்கு வெளியே புதிது ஒன்று திறந்துவிட்டார்கள்.

இப்போது ஒயினுக்கு வருவோம். தங்கமும் திராட்சையும் ஒரே இடத்தில் இருப்பது பீச்வொர்த்தில் மட்டும் நடந்த விஷயமில்லை. கலிஃபோர்னியாவில் அமடோர், நியூசிலாந்தில் சென்ட்ரல் ஒடாகோ, விக்டோரியாவிலேயே பெண்டிகோ, எல்லாம் இதே ஜோடி. திடீரென்று ஆயிரக்கணக்கான தாகம் எடுத்த ஆண்கள் ஒரு இடத்தில் சேர்கிறார்கள். அவர்களில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் இருக்கிறார்கள், கொடி நடத் தெரிந்தவர்கள். தங்கம் குறைந்ததும் அரசாங்கம் நிலத்தைச் சின்னச் சின்னதாகப் பிரித்து விற்கிறது. மலைச் சரிவில் கோதுமை வராது, கொடி வரும். சென்ட்ரல் ஒடாகோவில் 1862இல் பெரும் தங்கம் கிடைத்து, 1864இல் ஃபெரோ என்ற பிரெஞ்சுக்காரர் கொடி நட்டுவிட்டார், அவ்வளவு வேகம். பீச்வொர்த்துக்கு வடமேற்கே ரதர்கிளன் பக்கம் ஒரு பழைய பேச்சு உண்டு: தங்கம் வேண்டுமென்றால் பதினெட்டு அங்குலம் தோண்டினால் போதும், அதில் திராட்சை நடு.

பீச்வொர்த்தைச் சுற்றியும் 1850களிலேயே கொடி நட்டார்கள். அது நிலைக்கவில்லை. ஃபிலாக்சரா என்ற நுண்பூச்சி, திராட்சை வேரைக் கடித்துக் கொடியைக் கொல்வது, 1877இல் ஜீலாங்கில் தெரிந்தது, 1899இல் ரதர்கிளன் வரை வந்துவிட்டது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிழைக்க முடியும், அதற்குப் பணம் வேண்டும். ஆனால் பூச்சி மட்டும் காரணம் என்று சொல்லிவிட்டால் ரதர்கிளன் ஏன் மீண்டது, பீச்வொர்த் ஏன் மீளவில்லை என்பது புரியாது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆஸ்திரேலியர்கள் அதிகம் குடித்தது இனிப்பும் சாராயச் சத்தும் ஏற்றிய கெட்டியான ஒயின். அதற்கு வெயில் வேண்டும், பழம் கொடியிலேயே வற்ற வேண்டும். ரதர்கிளன் சமவெளிக்கு அது கைவந்த கலை, இன்றும் அங்கே மஸ்கட் என்ற இனிப்பு ஒயின்தான் பெருமை. 550 மீட்டர் உயரத்தில் குளிர்ந்து கிடக்கும் பீச்வொர்த்தில் விளைவது மெல்லிய, புளிப்பு மிஞ்சும் ஒயின், அதை வாங்க ஆள் இல்லை.

ஆள் வந்தது 1970களுக்குப் பிறகு, சாப்பாட்டோடு குடிக்கும் ஒயினுக்கு நாட்டின் நாக்கு மாறிய பின். 1978இல் ஸ்மித்ஸ் தோட்டத்தில் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் திராட்சை நட்டார்கள். 1980களின் தொடக்கத்தில் ரிக் கின்ஸ்ப்ரன்னர் ஜியகொண்டா என்ற ஒயின் தோட்டத்தைத் தொடங்கினார். அவர் பொறியியல் படித்தவர், கலிஃபோர்னியாவில் ஒயின் வேலை பார்த்துத் திரும்பியவர். அவருடைய ஷார்டனேதான் இந்தச் சின்ன வட்டாரத்தை உலக வரைபடத்தில் வைத்தது. பீப்பாய்களை வைக்கக் குன்றுக்குள் கிரானைட்டை வெடித்துக் குகை செய்திருக்கிறார், நூறு ஆண்டுக்கு முன் தங்கத்துக்குச் செய்த வேலையை இந்த முறை குளிர்ச்சிக்காகச் செய்தார்கள். சோரன்பர்க் தோட்டம் காமே என்ற சிவப்பு ஒயின் திராட்சை வகைக்குப் பேர் போனது. கஸ்டான்யாவைத் தொடங்கியவர் முன்பு திரைப்பட இயக்குநர். பென்னிவெயிட் என்று ஒரு தோட்டம், பெயர் தங்கத்தின் பழைய எடை அளவு. எல்லாம் குடும்ப அளவுத் தோட்டங்கள். பீச்வொர்த் தனி ஒயின் வட்டாரமாகப் பதிவானதே 2000இல்தான். அதாவது ஊரில் பழமை வாசம் வீசும் பலவற்றில் ஒயின்தான் மிகப் புதியது.

மண்ணைப் பற்றி ரொம்பக் கவித்துவமாகப் பேசுவார்கள், இந்தக் கிளாசில் கிரானைட் ருசிக்கிறது என்பார்கள். நான் அதை நம்புவதில்லை, வேர் கல்லை உறிஞ்சிப் பழத்தில் கொண்டுபோய் வைப்பதில்லை. ஆனால் கல் வேறு விதத்தில் வேலை செய்கிறது. மேட்டுப் பகுதியில் உதிர்ந்த கிரானைட் சரளை, தண்ணீர் நிற்காது. கொடி ஆழமாக வேர் விட வேண்டியிருக்கும், இலை தழைத்து வீணாகாது, பழம் சின்னதாகக் காய்க்கும். தாழ்ந்த பக்கம் அதைவிடப் பழைய, களிமண் கலந்த படிவுப் பாறை. ஒரே ஊரில் இரண்டு வகை நிலம், 300 மீட்டரிலிருந்து 700 மீட்டர் வரை உயரம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குளிரும் என்று வைத்துக்கொண்டால் வாங்கரட்டாவில் வியர்க்கும்போது இங்கே ஸ்வெட்டர் தேடுவது ஏன் என்று புரியும். நீதிமன்றச் சுவர், அருவிப் பாறை, ஓடையில் தங்கத்தோடு சேர்ந்து கிடைத்த வெள்ளீயத் தாது, ஷார்டனேயின் வேர் இறங்கும் சரளை, எல்லாம் அந்த ஒரே கிரானைட்டின் வேலை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஒயின் குடிக்காதவர்கள் இந்த ஊரைத் தவிர்க்க வேண்டிய அவசியமே இல்லை, மேலே சொன்னதில் முக்கால்வாசி ஒயின் சம்பந்தமில்லாதது. குடிப்பவர்கள், நல்ல தோட்டங்களில் பல எப்போதும் திறந்திருக்காது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும். ருசி பார்க்கக் கட்டணம் வாங்கும் இடங்களில் பாட்டில் வாங்கினால் அதைக் கழித்துவிடுவது வழக்கம். வாயில் வைத்துத் துப்புவது அங்கே மரியாதைக் குறைவு இல்லை, அதற்குத்தான் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். விக்டோரியாவில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், புதிதாக உரிமம் வாங்கியவர்களுக்குப் பூஜ்யம். மலைப்பாதை, சாயங்காலம் கங்காரு குறுக்கே வரும், ஒருவர் குடிக்காமல் இருப்பதே புத்தி. ஊருக்குள்ளேயே வேண்டுமென்றால் பழைய மனநோய் விடுதி வளாகத்தில் ஃபைட்டிங் கலி ரோடு என்ற ஒயின்காரர்கள் இருக்கிறார்கள், கட்டடத்தையும் சேர்த்துப் பார்த்த மாதிரி ஆகும்.

கொடிகளுக்கு நடுவே போய்ப் படம் எடுக்க ஆசை வரும். போகாதீர்கள். வடகிழக்கு விக்டோரியாவில் பல இடங்கள் ஃபிலாக்சரா பாதித்த பகுதி என்று இன்னும் அறிவிப்பில் இருக்கின்றன. செருப்பு மண்ணில் ஒட்டிக்கொண்டு பூச்சி அடுத்த தோட்டத்துக்கு, அடுத்த மாவட்டத்துக்குப் போகும். வேலி ஓரம் நின்று எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும்.

எப்போது போவது? ஏப்ரல், மே மாதங்களில் இலைகள் நிறம் மாறும், அறுவடை முடிந்து தோட்டக்காரர்களுக்கும் பேச நேரம் இருக்கும். ஈஸ்டர் வாரம் திருவிழாக் கூட்டம், அறை கிடைக்காது. கோடையில் காட்டுத்தீ நிலவரம் பார்க்காமல் கிளம்பாதீர்கள், 2009இல் பீச்வொர்த் பக்கமே பெரிய தீ வந்தது. தீ தோட்டத்தைத் தொடாவிட்டாலும் புகை தொடும். 2020 தொடக்கத்தில் வாரக்கணக்கில் நின்ற புகையால் இந்த வட்டாரத்தில் பலர் அந்த ஆண்டு ஒயினே போடவில்லை. புகையில் இருக்கும் சில வேதிப்பொருள்கள் பழத்தோலில் சர்க்கரையோடு பிணைந்து ஒளிந்துகொள்ளும், பழத்தைத் தின்றால் பெரிதாகத் தெரியாது, நொதித்த பிறகுதான் சாம்பல் ருசியாக வெளியே வரும்.

கார் இல்லாதவர்கள் மெல்பர்னிலிருந்து ரயிலில் வாங்கரட்டா வந்து பேருந்து பிடிக்கலாம். சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு அந்தப் பழைய கிளை ரயில் பாதை இப்போது சைக்கிள் பாதை. எவர்டனிலிருந்து பீச்வொர்த் வரை கிட்டத்தட்ட முழுக்க ஏற்றம், ரயில் ஏறிய சரிவு என்பதால் கொடூரமாக இருக்காது. பலர் புத்திசாலித்தனமாக மேலே வண்டியில் போய்க் கீழ்நோக்கி ஓட்டி வருகிறார்கள்.

ஓடையில் தட்டு வைத்து அலச ஆசை இருந்தால் இன்றும் முடியும். யுரேகாவுக்குப் பிறகு வந்த மைனர்ஸ் ரைட் என்ற அந்தச் சீட்டை விக்டோரியா அரசு இப்போதும் விற்கிறது, பத்து ஆண்டுக்குச் செல்லும், விலையும் அதிகமில்லை. எந்த ஓடையில் அனுமதி, எங்கே தடை என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கையால் பிடிக்கும் கருவிகளுக்குத்தான் அனுமதி. நேரம் மிஞ்சினால் எல்டொராடோ என்ற குட்டி ஊருக்கும் போய்வாருங்கள், கொஞ்ச தூரம்தான். 1936 முதல் 1954 வரை ஆற்றுப்படுகையை வாளி வாளியாக அள்ளி விழுங்கிய பிரம்மாண்ட மிதவை இயந்திரம் ஒன்று, தான் வெட்டிய குளத்திலேயே நிற்கிறது. மேலே ஏறிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.